லேட் ஃபைன் யாருடைய பணம், தெரியுமா?

ஒன்பது மணிக்கு 'பஞ்ச்' வைக்க வேண்டியவர் ஒன்பது இருபதுக்கு வருகிறார். மாதத்தில் மூன்று தடவை இப்படியானால் அரைநாள் சம்பளம் கட். ஏன் என்று கேட்டால் 'கம்பெனி பாலிசி' என்பார் ஹெச்.ஆர். அதற்கு மேல் பேச்சு கிடையாது. சட்டத்திடம் போய்க் கேட்டால் அது என்ன சொல்லும், தெரியுமா?

வேலைக்கு வராத நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கலாம், தப்பில்லை. ஆனால் எவ்வளவு நேரம் வரவில்லையோ அவ்வளவுக்குத்தான்! மூன்று இருபது நிமிடம் சேர்ந்தால் ஒரு மணி நேரம். அதற்கு மேல் ஒரு ரூபாய் பிடித்தாலும் அதற்குப் பெயர் அபராதம். அபராதம் என்று ஆகிவிட்டால் சட்டம் வரிசையாகக் கேள்வி கேட்கும். எந்தெந்தச் செயலுக்கு அபராதம் என்று பட்டியல் போட்டு அரசிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கினீர்களா? அதை ஊழியர்கள் பார்க்கும் இடத்தில் ஒட்டினீர்களா? பிடிக்கும் முன் அவரிடம் விளக்கம் கேட்டீர்களா? ஒரு சம்பளக் காலத்தில் ஊதியத்தின் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தவணை முறையில் பிடிக்கக் கூடாது. 90 நாள் போய்விட்டால் பிடிக்கவே கூடாது. இவ்வளவும் தாண்டிப் பிடித்தாலும் அந்தக் காசு கம்பெனி கல்லாவுக்குப் போக முடியாது! பதிவேட்டில் ஏற்றி, ஊழியர்களின் நலனுக்கு மட்டுமே செலவழிக்க வேண்டும். லேட்டாக வந்தவரிடம் பிடித்த பணத்தில் கேரம் போர்டு வாங்கலாம். முதலாளி கார் டயர் மாற்ற முடியாது.

இது நேற்று வந்த புதுமை என்று நினைக்காதீர்கள். 1936-ல் வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட ஊதியப் பட்டுவாடாச் சட்டத்திலேயே இருந்த விதி இது. கடைசியாக அந்தச் சட்டம் மாதம் 24,000 ரூபாய் வரை வாங்குபவர்களோடு நின்றுகொண்டது. இப்போது அதன் இடத்தைப் பிடித்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பில் அந்த வரம்பும் போய்விட்டது. லட்ச ரூபாய் சம்பளக்காரருக்கும் இதே கணக்குதான்.

ஆனால் சட்டம் எப்போதும் ஊழியர் பக்கமே சாயும் என்று எண்ணிவிடாதீர்கள். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் பேசிவைத்துக்கொண்டு, தக்க காரணமும் முன்னறிவிப்பும் இல்லாமல் மட்டம் போட்டால் ஒருநாள் வராததற்கு எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்கலாம்! அதுவும் அதே சட்டத்தில், அதே பகுதியில்தான் இருக்கிறது.

வேலையை விட்டுப் போகிறவருக்கு 'ஃபைனல் செட்டில்மென்ட்' எப்போது? பெரும்பாலான ஹெச்.ஆர். மேஜைகளில் கிடைக்கும் பதில், 'நாற்பத்தைந்து நாள் ஆகும் சார்'. சட்டம் சொல்வது எத்தனை நாள், தெரியுமா? சம்பள பாக்கிக்கு இரண்டே வேலை நாள்! முன்பு இந்த அவசரம் வேலையை விட்டு நீக்கப்பட்டவருக்கு மட்டும் இருந்தது. இப்போது தானாக ராஜினாமா செய்தவருக்கும் அதே இரண்டு நாள். மாதச் சம்பளத்துக்கு 7-ம் தேதி கெடு. வாரக் கூலிக்கு வாரத்தின் கடைசி வேலை நாள். தினக்கூலிக்கு அன்றைய ஷிப்ட் முடியும்போதே. 'நாளைக்கு வாங்கிக்கப்பா' என்ற வசனத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

தனித்தனியாகக் கிடந்த 29 மத்தியச் சட்டங்களை உருட்டித் திரட்டி நான்கு தொகுப்புகளாக்கி, 2025 நவம்பர் 21 அன்று ஒரே நாளில் அமலுக்குக் கொண்டுவந்தார்களே, அதில் என்னென்ன ஒளிந்திருக்கிறது, பார்த்தீர்களா? வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம். நாற்பது வயது தாண்டிய தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கொருமுறை இலவச உடல் பரிசோதனை. இன்ஸ்பெக்டருக்குக்கூடப் பெயர் மாறி, ஆய்வாளரும் வழிகாட்டியும் சேர்ந்த ஒருவராகிவிட்டார்! பெயர் மாறினால் ஆள் மாறுவாரா என்பதை அவர் வந்து கதவைத் தட்டும்போது பார்த்துக்கொள்வோம்.

இதில் எல்லோர் வயிற்றிலும் புளியைக் கரைத்தது 'ஊதியம்' என்ற ஒரு சொல்லுக்குக் கொடுத்த விளக்கம்தான். மாதம் 40,000 ரூபாய் சம்பளக்காரர் ஒருவரின் சம்பளச் சீட்டைப் பாருங்கள். பேசிக் 12,000, வீட்டு வாடகைப்படி, பயணப்படி, அந்தப்படி, இந்தப்படி என்று மீதி 28,000. பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாவற்றையும் குறைத்துக் கட்டுவதற்காகவே பேசிக்கை இப்படிச் சுருக்கி வைப்பது காலங்காலமாக நடக்கும் வித்தை. இனி, விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தோடு சேர்ந்துவிடும். 28,000-ல் 20,000 போக மீதி 8,000. அதை 12,000-த்தோடு சேர்த்தால் ஊதியம் 20,000! ஓராண்டுக்கான கிராஜுவிட்டி 6,923 ரூபாயிலிருந்து 11,538 ரூபாய்க்குத் தாவிவிடுகிறது. நோட்டீஸ் போர்டில் ஒரு வரிகூட மாறாமல்.

கிராஜுவிட்டி என்றதும் இன்னொன்று. பதினைந்து நாள் சம்பளம் என்றால் மாதச் சம்பளத்தில் பாதிதானே என்று கணக்குப் போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இல்லவே இல்லை! 30-ஆல் வகுக்கக் கூடாது, 26-ஆல் வகுக்க வேண்டும். மாதத்தில் நாலு ஞாயிறு போனால் வேலை நாள் 26 தானே? உச்ச நீதிமன்றம் 1980-லேயே ஒத்துக்கொண்ட கணக்கு இது. 26,000 ரூபாய் ஊதியத்தில் பத்து வருடம் வேலை பார்த்தவருக்கு 1,50,000 ரூபாய் வரவேண்டும். பாதிச் சம்பளக் கணக்குப் போட்டால் 1,30,000. இருபதாயிரம் ரூபாய் எங்கே போனது என்று தெரியாமலே போய்விடும்!

ஐந்து வருடம் முழுசாக முடிந்தால்தான் கிராஜுவிட்டி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நாலே முக்கால் வருடத்தில் ஒருவர் கிளம்பினால்? மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு இங்கே கை கொடுக்கிறது. நான்கு ஆண்டு முடித்து, ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அதுவும் ஐந்தாண்டுதான். இதற்குள்ளே இன்னொரு ரகசியம் உண்டு. வாரத்தில் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் இடங்களில் 240 வேண்டாம், 190 நாள் போதும்! சனி, ஞாயிறு இரண்டும் லீவு விடும் பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. கம்பெனிகளில் எத்தனை பேர் இதைத் தெரிந்துகொண்டு ராஜினாமாத் தேதியைக் குறித்திருப்பார்கள்? குறிப்பிட்ட காலத்துக்கென்று ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர்களுக்கு இப்போது ஓராண்டு முடிந்தாலே கிராஜுவிட்டி. பத்திரிகையாளர்களுக்கு மூன்றாண்டு! எங்கள் சாதிக்கு இப்படியொரு சலுகை இருப்பதே எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

சரி, உட்கார்ந்துதானே இதைப் படிக்கிறீர்கள்? உட்காருவதற்கும் ஒரு சட்டம் உண்டு, தெரியுமா? ஜவுளிக்கடையில் நாம் புடவையைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கும்போது எதிரே நிற்கும் பெண்ணின் காலை யாராவது பார்த்திருக்கிறோமா? காலை பத்து மணிக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு கடை அடைக்கும் வரை நிற்பு. வாடிக்கையாளர் யாரும் இல்லாத மத்தியான நேரத்திலும் சுவரில் சாய்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பார். கோழிக்கோட்டில் பெண்கூட்டு என்ற அமைப்பை நடத்திய விஜி இதற்காகவே போராடி, 2018-ல் கேரளத்தில் சட்டத்தைத் திருத்த வைத்தார். அந்த வருடமே பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு தன் 1947-ம் ஆண்டு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் அவர்கள் உட்கார வழி வேண்டும். நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டு அதன்மேல் துணி மூட்டையை அடுக்கி வைத்திருக்கும் கடைகளைப் பார்க்கத்தான் செய்கிறோம். அடுத்த முறை தீபாவளித் துணி எடுக்கப் போகும்போது கல்லாவை விட்டுவிட்டு நாற்காலியைத் தேடிப் பாருங்கள்!

நாற்காலி மட்டுமா? எச்சில் துப்பும் தொட்டிக்கும் சட்டம் இருந்தது! 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில் அதற்கென்றே தனிப் பிரிவு, 20-வது பிரிவு. போதுமான துப்பும் தொட்டிகளை வசதியான இடங்களில் வைத்துச் சுத்தமாகப் பராமரிக்க வேண்டும். தொட்டியை விட்டு வேறெங்காவது துப்பினால் அபராதம் எவ்வளவு? ஐந்து ரூபாய்க்கு மிகாமல்! 18-வது பிரிவு குடிநீருக்கு. குடிநீர்க் குழாய் கழிப்பறையிலிருந்து ஆறு மீட்டருக்குள் இருக்கக் கூடாது. பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில் 'குடிநீர்' என்று எழுதியிருக்க வேண்டும். சட்டம் எழுதியவர் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்.

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் எப்படிப் பிறந்தது என்றால் மூக்கில் விரல் வைப்பீர்கள். 1881-ல் வந்த அந்தச் சட்டத்துக்காகக் குரல் கொடுத்தவர்களில் இரக்கமுள்ள நல்லவர்கள் இருந்தார்கள். கூடவே லங்காஷயர் மில் முதலாளிகளும் இருந்தார்கள்! பம்பாய் மில்களில் மலிவுக் கூலியில் நூல் நூற்று நம் சந்தையைப் பிடிக்கிறார்களே என்ற வயிற்றெரிச்சல். அந்தச் சட்டம் கொடுத்த பாதுகாப்பு என்ன தெரியுமா? ஏழு வயதுக்குக் கீழான குழந்தையை வேலைக்கு வைக்கக் கூடாது. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை என்றால் நாளுக்கு ஒன்பது மணி நேரம் வைத்துக்கொள்ளலாம்! அதுவும் நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மில்களில் மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை லீவு என்பது வானத்திலிருந்து விழுந்ததா என்ன? 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் முன்னிறுத்தி வேலைநிறுத்தம் செய்து வாங்கியவற்றில் கூலி உயர்வும் உண்டு, வார விடுமுறையும் உண்டு. 1918 ஏப்ரலில் சென்னையில் தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் கதை இன்னும் விசேஷம். பெரம்பூர் பக்கிங்காம், கர்னாட்டிக் மில் தொழிலாளர்களுக்காகச் சங்கம் வைத்த பி.பி. வாடியா மேல், அந்த மில்களை நடத்திய பின்னி கம்பெனி வழக்குப் போட்டது. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டினார் என்பது குற்றச்சாட்டு. உயர் நீதிமன்றமும் தடை போட்டது. சங்கம் நடத்துவதே குற்றமா என்று நாடே கேட்டது, என்.எம். ஜோஷி மத்தியச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. அதன் 18-வது பிரிவு என்ன சொன்னது தெரியுமா? தொழில் தகராறில் ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்பதற்காக மட்டுமே சங்கத்தின் மேல் சிவில் வழக்குப் போட முடியாது! வாடியாவை மடக்கிய அதே ஆயுதத்தின் முனையை மழுக்கிவிட்டார்கள்.

தமிழ்நாட்டுக்கென்றே சில சட்டங்கள் உண்டு. மத்தியத் தொகுப்புகள் வந்த பரபரப்பில் அவற்றை மறந்துவிடும் ஹெச்.ஆர். நண்பர்கள் மாட்டிக்கொள்வார்கள். 1981-ம் ஆண்டின் நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டத்தைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 50 தொழிலாளர்களுக்குக் குறையாத நிறுவனத்தில் 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவர் நிரந்தரம். டெம்பரரி, கேஷுவல், பதிலி என்று என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தாலும் சரி! 470-வது நாளில் ஒருவருக்குத் திடீரென்று 'பிரேக்' கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது ஏன் என்று இப்போது புரிகிறதா? 1958-ம் ஆண்டுச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவற்றோடு ஐந்து பண்டிகை நாட்கள், ஆக ஒன்பது நாள் சம்பளத்தோடு லீவு. அன்றைக்கு வேலைக்கு அழைத்தால் இரட்டைச் சம்பளம், அல்லது சம்பளமும் மாற்று விடுமுறையும். இவ்வளவு ஏன், 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டசபையில் நிறைவேறிய வேகத்திலேயே எதிர்ப்புக் கிளம்பி, மே 1 அன்று அது வாபஸ் என்று முதல்வர் அறிவித்தாரே! பத்தே நாள்.

கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 41-வது பிரிவுப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரைத் தக்க காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் அனுப்ப முடியாது. இந்தப் பாதுகாப்பு யாருக்குக் கிடையாது, தெரியுமா? நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு. அதாவது, இந்தப் பிரிவை எல்லோருக்கும் சரியாகப் பின்பற்ற வேண்டிய ஹெச்.ஆர். மேனேஜருக்கே!

பிரசவ விடுப்பு 26 வாரம் என்பது தெரிந்ததுதான். ஆனால் பிரசவச் சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள் மீதிச் சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்பது? ஐம்பது பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம் என்பது? ஏற்கெனவே இரண்டு குழந்தை உள்ளவருக்கு விடுப்பே கிடையாது என்று சொல்வோர் உண்டு. மத்தியச் சட்டப்படி அவருக்கு 12 வாரம் உண்டு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு, மறுமணத்தில் பிறந்த குழந்தைக்கு விடுப்பு மறுக்கப்பட்ட வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது.

பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாக. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன பன்வாரி தேவி என்ற அரசு ஊழியப் பெண்ணுக்கு 1992-ல் நடந்த கொடுமையிலிருந்து 1997-ன் விசாகா தீர்ப்பு பிறந்தது. அதிலிருந்து 2013-ன் சட்டம். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம். தலைமை மூத்த பெண் ஊழியருக்கு, பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒரு உறுப்பினர். குழு இல்லாவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். புகார் கொடுத்த பெண் கேட்டால் சமரசம் பேசலாம், ஆனால் பணம் கொடுத்து முடிக்கும் சமரசம் கூடவே கூடாது! விசாரணை நடக்கும்போது அவருக்கு மூன்று மாதம் வரை கூடுதல் விடுப்பு. அது அவருடைய கணக்கில் இருக்கும் விடுப்பில் கழியாது. கம்பெனி ஏற்பாடு செய்த வண்டியும் சட்டத்தின் கண்ணில் பணியிடம்தான். புதிய ஊதியத் தொகுப்பில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: பாலியல் துன்புறுத்தலுக்காகத் தண்டனை பெற்று வேலை இழந்தவருக்குப் போனஸ் கிடையாது!

போனஸ் என்றால், 8.33 சதவீதம் என்ற விசித்திர எண்ணை யோசித்திருக்கிறீர்களா? பன்னிரண்டில் ஒரு பங்கு. அதாவது ஒரு மாதம். கணக்காண்டில் முப்பது நாள் வேலை பார்த்திருந்தாலே தகுதி வந்துவிடும். சட்டத்தில் தீபாவளி என்ற வார்த்தையே இல்லை. கணக்கு முடிந்து எட்டு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. மார்ச்சில் கணக்கு முடிப்பவருக்கு நவம்பர் கடைசி வரை நேரம் உண்டு. அதை நம் ஊரில் சொல்லிப் பாருங்களேன்!

ஊழியரிடம் பி.எஃப். பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டால் அது வெறும் பாக்கியாக நிற்காது; நம்பிக்கை மோசடி என்ற குற்ற வழக்காக வரும். மே மாதம் இன்கிரிமென்ட் வந்து சம்பளம் 21,000-ஐத் தாண்டியதும் இ.எஸ்.ஐ.யை நிறுத்திவிடுகிறீர்களா? செப்டம்பர் வரை பிடித்துக் கட்டியே ஆகவேண்டும். எச்.ஐ.வி. பரிசோதனை செய்தால்தான் வேலை என்று 2017-ம் ஆண்டுச் சட்டப்படி யாரும் சொல்ல முடியாது. வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு லீவு விடாத முதலாளிக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் போடும் அபராதம் 500 ரூபாய் வரை. ஓட்டின் மதிப்பு அவ்வளவுதான் போல!

வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் விபத்து நடந்தால் அதற்குக் கம்பெனி பொறுப்பா? மகாராஷ்டிரத்தில் சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர், அதிகாலை மூன்று மணி ஷிப்ட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது, ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால் விபத்தில் இறந்தார். ஆண்டு 2003. அந்தக் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொன்னது. இருபத்திரண்டு வருடம்! புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடைப்பட்ட பயண விபத்தை நேராகவே சேர்த்துக்கொண்டுவிட்டது.

மூன்று வருடத்துக்குள் போனால் பணம் கட்ட வேண்டும் என்று எழுதி வாங்கும் பாண்ட் செல்லுமா? விஜயா வங்கி வழக்கில் இரண்டு லட்ச ரூபாய் பாண்ட் செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொதுத்துறை வங்கி ஆளெடுக்கச் செய்யும் செலவு அங்கே பெரிதாகப் பேசப்பட்டது. அதைக் காட்டி எல்லா பாண்டையும் நியாயப்படுத்தக் கிளம்புகிறவர்கள் தீர்ப்பை முழுசாகப் படிக்கட்டும். வேலையை விட்ட பிறகு போட்டிக் கம்பெனியில் சேரவே கூடாது என்ற நிபந்தனை, 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு முன்னால் நிற்காது.

கடைசியாக ஒன்று. சம்பளமோ போனஸோ வரவில்லை என்று ஊழியர் புகார் கொடுத்தால் நிரூபிக்க வேண்டியவர் யார், தெரியுமா? அவர் இல்லை! கொடுத்துவிட்டேன் என்று காட்ட வேண்டியது முதலாளிதான். கேட்பதற்கான காலமும் நீண்டு மூன்று ஆண்டாகிவிட்டது. 2025 டிசம்பரில் விட்டுப்போன ஓவர்டைம் பணத்தை 2028 நவம்பரிலும் கேட்கலாம். ஓவர்டைம் என்றால் இரட்டைச் சம்பளம் என்பதையும், ஹெச்.ஆர். நண்பரே, அந்த ரிஜிஸ்டரைத் தேடும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.